வேனில் பொருத்திய ஐஎம்யூ உணரி: பாதை இடப்பக்கமாகவே விலகுவது ஏன்?

கேள்வி (ராணிப்பேட்டை வாசகர்):
வணக்கம். சாலைகளின் நிலையைப் பதிவு செய்வதற்காக ஒரு வேனின் கூரையில் ஜிபிஎஸ் ஆன்டெனாவும், டேஷ்போர்டின் மேல் இருபக்க டேப்பால் ஒட்டிய ஐஎம்யூ உணரியும் (வண்டியின் அசைவையும் திரும்பலையும் அளந்து, ஜிபிஎஸ் இல்லாத இடத்தில் பாதையைக் கணக்கிட உதவும் கருவி) வைத்திருக்கிறோம். வாலாஜாப்பேட்டைக்கும் வேலூருக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் பதிவு சரியாக இருக்கிறது. ஜவ்வாது மலையில் மரங்கள் கவிந்த இடங்களில் சிக்னல் விட்டுப்போனால், ஏறும்போதும் இறங்கும்போதும் பாதை வண்டியின் இடப்பக்கமாகவே விலகுகிறது. உணரி பழுதா, பொருத்தியதில் தவறா?

பதில் 1 (காட்பாடி வாசகர்):
பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விலகல் எப்போதும் வண்டியின் ஒரே பக்கமாக, ஓடிய தூரத்துக்கு ஏற்ப வளர்ந்தால், உணரியின் முன்னச்சு (அது முன்திசை என்று கொள்ளும் கோடு) வண்டியின் நேர்கோட்டோடு ஒத்துப்போகவில்லை என்றே பொருள். ஒரு பாகை திரும்பியிருந்தாலே 100 மீட்டர் ஓட்டத்தில் சுமார் 1.75 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிடும். உணரிக்குள் திரும்பும் வேகத்தை அளக்கும் சுழல்மானியின் பிழையாக இருந்தால் விலகல் நேரத்தோடு வளைந்து பெருகும். வண்டியை நிறுத்திவிட்டுச் சுழல்மானியின் மூல அளவைப் பாருங்கள். அசையாத வண்டியிலும் அது ஒரு பக்கம் சுழல்வதாகக் காட்டினால் பிழை அங்கேதான்.

எப்படியிருந்தாலும் டேஷ்போர்டு உணரிக்கு ஏற்ற இடமே அல்ல. வேலூர் வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக் கொதிக்கிறது, டேப்பின் பசை இளகுகிறது, சூடு மாற மாறச் சுழல்மானியின் பிழையும் மாறுகிறது. இருக்கைக்கு அடியில், அதிராத உலோகத் தளத்தில் தடித்த அலுமினியத் தகடு வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள்.

உணரி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அறிய, வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி அளவெடுத்து, அதே சக்கரத் தடங்களில் நேர் எதிராகத் திருப்பி நிறுத்தி மீண்டும் எடுங்கள். தரையின் சரிவு இரண்டிலும் எதிர்க்குறியாக வரும், உணரியின் சாய்வு மாறாது. ஆகவே இரண்டின் சராசரிதான் உங்களுக்கு வேண்டியது. ஒரு பாகை சாய்வு, புவியீர்ப்பில் சுமார் 0.17 மீ/வி² அளவை முடுக்கமாகக் காட்டும். பின்புறம் பாரம் ஏறினால் வண்டியின் முகப்பு உயரும் என்பதால், வேலைக்குச் செல்லும் அதே சுமையோடு இதைச் செய்யுங்கள்.

பதில் 2 (ஆம்பூர் வாசகர்):
அதோடு, உணரியிலிருந்து ஆன்டெனா வரையிலான தொலைவை முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று திசையிலும் டேப் பிடித்து அளந்து அமைப்பில் பதிவு செய்யுங்கள். கூட்டல், கழித்தல் குறி மாறிவிட்டால், வளைவுகளில் ஆன்டெனா எதிர்ப்பக்கம் இருப்பதாக மென்பொருள் கணக்கிடும். நேர்ச்சாலையில் அது கண்ணில் படாது.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. மென்பொருளில் தானாகச் சீரமைக்கும் வசதி உள்ளதே, அது போதாதா?

பதில் 1:
இறுக்கமாகப் பொருத்திய பிறகு அது மிகவும் உதவும். திறந்த வானத்தின் கீழ் நெடுஞ்சாலையில் நேராக ஓட்டி, இடையிடையே வேகம் கூட்டிக் குறைத்து, இருபுறமும் திரும்பினால் அது கோணத்தைக் கண்டறிந்துவிடும். டேப்பில் ஆடும் உணரிக்கோ கோணம் ஒவ்வொரு குலுக்கலிலும் மாறும்; எந்தக் கோணத்தை அது திருத்துவது? முதலில் தகடு, பிறகு மென்பொருள்.