பள்ளியிலோ ஊரிலோ உளவியலாளரைச் சந்தித்து, இன்னும் மனதை அரிக்கும் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

பனியன் ஊர் அம்மா

டிஸ்லெக்ஸியா என்றால் எழுத்தை வாசிப்பதில் வரும் சிரமம், இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரியவனுக்கு அது இருக்குமோ என்று சந்தேகம் வந்தபோது கோயம்புத்தூரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். ஐக்யூ டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் கொடுத்தார்கள். பள்ளியில் அதை வாங்கி ஃபைலில் வைத்ததோடு சரி. சின்னவன் விஷயத்திலும் அதேதான் நடக்கும் என்று நினைத்துத்தான் பள்ளிக்குப் போனேன்.

புதிதாக வந்திருந்த கவுன்சிலர் பெண் டெஸ்ட் பேச்சையே எடுக்கவில்லை. நான் போவதற்கு முன்பே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைப் பார்த்திருக்கிறார். என்னையும் பையனையும் வைத்துக்கொண்டே கணக்கு சாரை அழைத்து, "இந்தக் கேள்வியை நீங்க கொஞ்சம் வாய்விட்டுப் படிங்க சார்" என்றார். ரயில் பாலத்தைக் கடக்க எத்தனை விநாடி ஆகும் என்று வருமே, அந்த வகைக் கணக்கு. சார் படித்து முடித்ததும் பையன் பேப்பரே இல்லாமல் விடை சொன்னான். பரீட்சையில் அதே கணக்குக்கு அவன் வாங்கியது பூஜ்யம். "இவனுக்குக் கணக்கு வருது சார், வாசிக்கத்தான் வரலை" என்று கவுன்சிலர் சொன்னதும் சார் அந்த விடைத்தாளை வாங்கி மறுபடி புரட்டிப் பார்த்தார்.

பெரியவனுக்கு யாரும் கேள்வியைப் படித்துக் காட்டியதில்லை. பத்தாவதோடு நின்றுவிட்டான். இப்போது கட்டிங் மாஸ்டர், நன்றாகவே சம்பாதிக்கிறான். இருந்தாலும் அந்த ரயில் கணக்கு என்னை விடமாட்டேன் என்கிறது.

சாக்பீஸ்

அரசுப் பள்ளி ஆசிரியை. எங்களுக்கு வாய்த்தது வேன். நடமாடும் ஆலோசனை மையம் என்று எழுதியிருக்கும், பழைய ஆட்களுக்குத் தெரியும். ஒரே உளவியலாளருக்குச் சில மாவட்டங்கள் பொறுப்பு. பொதுத்தேர்வுக்கு முன்னால் வந்து, மைதானத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து, மைக் பிடித்து, பரீட்சை பயம், வளரிளம் பருவம், செல்போன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசியாக வேண்டும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே பேசினார்.

பேச்சு முடிந்து வேன் கிளம்பும் நேரத்தில் என் வகுப்புப் பெண் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. அவர் இறங்கி வந்தார், அடுத்த பள்ளிக்கு நேரமாகிறது என்று டிரைவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வேப்பமரத்தடியில் ரொம்ப நேரம் அவளோடு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நான் மறுபடி எப்போ வருவேன்னு தெரியாது. இவ இனிமே உங்ககிட்ட பேசுவா, கேளுங்க, உடனே பதில் சொல்லாதீங்க" என்றார். பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இன்றைக்கு 14417 உதவி எண் இருக்கிறது, பிள்ளைகள் மனக்குறையை எழுதிப் போட மாணவர் மனசுப் பெட்டி இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியில் சீட்டு போடும் பிள்ளையிடம் போய் உட்காருவது யார்?

வட்டாட்சியர் வாசல்

பனியன் ஊர் அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கேள்வியைப் படித்துக் காட்டினார், பையன் விடை சொன்னான், சந்தோஷம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அந்தக் கணக்கு சாரா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார்? என் மகள் பள்ளியிலும் இப்படித்தான் ஒருவர், "பேப்பர் எல்லாம் எதுக்கு, நாங்க பார்த்துக்கறோம்" என்றார். ஒன்பதாவதில் அவர் வேலையை விட்டுப் போனார். அவர் பார்த்துக்கொண்டதும் அவரோடு போயிற்று. என் கதை இவ்வளவுதான்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் (டிஸ்லெக்ஸியா இதில்தான் வரும்) ஒன்று. சான்றிதழ் இருந்தால்தான் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு எல்லாம் கிடைக்கும். பள்ளிக் கவுன்சிலர் கொடுக்கும் கடிதம் அதற்குச் செல்லாது, தனியார் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டும் வேலை ஆகாது. அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுவிடம்தான் போக வேண்டும். தனியாரில் டெஸ்ட் எடுப்பதாக இருந்தால் அந்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் (RCI) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் பெரிய போர்டு வைத்தவரெல்லாம் பதிவு பெற்றவர் இல்லை. சின்ன வயதில் வாங்கிய சான்றிதழைப் பிற்பாடு புதுப்பிக்க வேண்டிவரும். தேர்வுத் துறைக்குத் தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும், பத்தாவது தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். எல்லாவற்றையும் மூன்று ஜெராக்ஸ் போட்டு வையுங்கள். கடைசி பெஞ்சில் உட்காருவது நல்ல மனசு. பரீட்சை ஹாலில் செல்லுபடியாவது பேப்பர்.

இரண்டாம் மாடி அறை

நான் தனியார் பள்ளியில் கவுன்சிலர். 'வாசல்' சொன்னதில் சான்றிதழ் பகுதி அத்தனையும் சரி. ஆனால் "வேலையை விட்டுப் போனார்" என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன் போனார் என்று கேட்டீர்களா? எங்கள் கால அட்டவணையைப் பார்த்தால் தெரியும். ஆசிரியர் லீவு என்றால் சப்ஸ்டிட்யூஷன், அட்மிஷன் சீசனில் முன்வாசல் மேசை, ஆண்டு விழாவில் மைக். வகுப்பில் போய் உட்கார்ந்து கவனிப்பதற்கு நான் அனுமதி கேட்டபோது, "டீச்சர்ஸ் தப்பா எடுத்துப்பாங்க" என்று பதில் வந்தது.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி என்னிடம் பேசிவிட்டுப் போன பத்து நிமிடத்தில் முதல்வர் அறைக்கு அழைப்பு வந்தது. போனேன். அவர் எதுவும் கேட்கவில்லை, என் கையில் இருந்த குறிப்பு நோட்டுக்காகக் கையை நீட்டினார். நான் தரவில்லை. நீட்டிய கை அப்படியே இருந்தது. போக்சோ விஷயம், அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் என்றால் நானே காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், அதை எந்தப் பிள்ளையிடமும் முதல் நாளே சொல்லிவிடுவேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வீட்டுக்கும் சொல்வேன். இது அந்த இரண்டும் இல்லை. அந்தப் பெண் பேசியது தன் அப்பாவின் கடனைப் பற்றி. கட்டாத ஃபீஸுக்கும் அந்த நோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்கே புரியும்.

100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருக்கும் கல்வி நிலையங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது. ஆள் வைத்துவிடுவார்கள். நோட்டு யாருடையது என்பதை யார் முடிவு செய்வார்கள்?

நந்திக்கடல் காற்று

இலங்கையில எங்கட பக்கம் கவுன்சிலிங்கை உளவளத்துணை எண்டுதான் சொல்லுறது. சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் வந்த ஆக்கள் கனபேர். வட்டமாக இருத்தி, படம் கீறச் சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு போனவையும் இருக்கினம். நான் சொல்ல வந்தது பிரதேச செயலகத்தில் வேலை செய்த ஒரு அக்காவைப் பற்றி.

என்ர பெரியம்மாவின் மகன் 2009-இல் காணாமல் போனவர். மரணப் பத்திரம் எடுத்தால்தான் காணி, வங்கி அலுவல் எல்லாம் நடக்கும் எண்டு எல்லாரும் நெருக்கினவை. "பிள்ளை எங்க எண்டு முதல் சொல்லுங்கோ" எண்டு பெரியம்மா மறுத்துக்கொண்டே இருந்தா. காணவில்லை என்றே பதிவு செய்து பத்திரம் கொடுக்கலாம் என்று 2016-இல் சட்டம் வந்தது. அந்த அக்கா அதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, படிவத்தை நிரப்பி, கந்தோரில் பெரியம்மாவோடு வரிசையில் நின்றவா. மனசைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. கந்தோரில் ஒரு பெடியன் "இறந்த திகதி?" எண்டு கேட்டான். அக்கா அவனுக்கு முன்னால் போய் நின்று, "தம்பி, படிவத்தைப் பாத்துக் கேளும்" எண்டா. பெரியம்மா அண்டைக்குத்தான் முதன்முதலாக வீட்டுக்கு வெளியில் தேத்தண்ணி குடிச்சவா.

இதையெல்லாம் உளவியலாளர் செய்ய வேண்டுமா, கிளார்க் வேலை தானே எண்டு என்ர மகன் கேட்கிறான். கேட்கட்டும்.

சேது நாட்டான்

கிளார்க் வேலை இல்லைங்க. என் தம்பியை ஏர்வாடி தர்காவில் வைத்திருந்தோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு 28 பேர் இறந்த ஊர் என்று தெரிந்தும்தான் போனோம், வேறு வழி தெரியாமல். இப்போது தர்காவை ஒட்டியே கிளினிக் இருக்கிறது, மருந்தும் உண்டு துவாவும் (பிரார்த்தனையும்) உண்டு. அங்கிருந்த உளவியலாளர், என் தம்பி கையில் இருந்த தாயத்தைத் தொட்டுப் பார்த்து, "இது இருக்கட்டும், ராத்திரி மாத்திரையைப் போட்டதும் இதைத் தொட்டுக்கோ" என்றார். நான் அவரிடம் சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். அவன் இன்றைக்கு வரை அப்படித்தான் மாத்திரை போடுகிறான்.

வட்டாட்சியர் வாசல்

இரண்டாம் மாடி அறை, சரி, ஏன் போனார் என்று நான் கேட்கவில்லைதான், அது என் வேலையும் இல்லை. ஆனால் உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது அந்தப் பள்ளி. கொடுப்பவர் நோட்டைக் கேட்பதில் என்ன ஆச்சரியம்? பிளாக் ஒன்றுக்கு இத்தனை பேர் என்று அரசே நியமித்து, பள்ளிகளுக்கு அனுப்பினால் இந்தத் தொல்லை இருக்காது.

சாக்பீஸ்

அனுப்பினார்களே, வேனில்.

இரண்டாம் மாடி அறை

சாக்பீஸ் 😄 வாசல் சார், அரசு நியமித்தால் முதல்வருக்குப் பதிலாக அதிகாரி கேட்பார். என் நோட்டை இப்போது வீட்டுக்கு எடுத்துப்போகிறேன். சரியான வழக்கம் இல்லை, தெரியும். பூட்டுள்ள அலமாரி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பட்ஜெட்டில் இல்லை என்கிறார்கள். வேறு பள்ளிகளில் வேலை செய்பவர்கள் எங்கே வைக்கிறீர்கள், யாரிடம் சாவி இருக்கிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.