எஸ்.ஏ.ரி. பரீட்சையைப் பல தடவை எழுதினால் அனுமதிக்குப் பாதகமா?

பரந்தன்:
வணக்கம். நாங்கள் இலங்கையின் பரந்தனிலிருந்து அமெரிக்கா வந்து இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் எஸ்.ஏ.ரி. (SAT) பரீட்சையை மகள் இரண்டு தடவை எழுதியிருக்கிறாள். முதல் தடவை கணிதம் 700, ஆங்கில வாசிப்பும் எழுத்தும் 540. அடுத்த தடவை கணிதம் 660 ஆக இறங்க, ஆங்கிலம் 610 ஆக ஏறியது. மூன்றாவது தடவைக்கான பதிவு இன்றிரவு முடிகிறது. திரும்பத் திரும்ப எழுதிய பிள்ளை என்று பல்கலைக்கழகம் ஒதுக்கிவிடுமா? தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

மல்லாவி, ரொறன்ரோ:
ஐயா, பிள்ளையை இவ்வளவு வருத்த வேண்டாம். ஒன்ராறியோவில் படித்து முடிக்கும் பிள்ளைகளிடம் இங்குள்ள பல்கலைக்கழகங்கள் எஸ்.ஏ.ரி. கேட்பதில்லை, பன்னிரண்டாம் தரப் புள்ளிகளையே பார்க்கின்றன. நான் வந்த முதல் பனிக்காலத்தில் இரவு வேலை முடித்து நேரே ஆங்கில வகுப்புக்குப் போவேன். என் இலங்கை உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுக்கு இங்கே என்ன பெறுமதி என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. முதலில் மகளின் பழைய பாடசாலைப் பதிவுகளை ஊரிலிருந்து எடுப்பியுங்கள்.

நெடுங்கேணி:
எல்லாத் தடவைகளின் சராசரியைத்தான் எடுப்பார்கள் என்று எங்கள் உறவினர் சொன்னார். எழுதாமல் விடுவதே பாதுகாப்பு.

வற்றாப்பளை:
சராசரி எடுப்பதில்லை, கூடிய மொத்தத்தை மட்டுமே பார்ப்பார்கள். எப்படியும் எங்கள் ஊர் முறையை விட இது மேல். உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம், ஆனால் ஒரு வருடத்துப் பௌதிகவியலையும் மறு வருடத்து இரசாயனவியலையும் சேர்த்து இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்படுத்திய புள்ளி) கேட்க முடியாது. 2009 ஓகஸ்டில், போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாம்களில் இருந்தபடி எழுதிய பிள்ளைகளுக்கும் அதே வினாத்தாள்தான். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீதப் பல்கலைக்கழக இட ஒதுக்கீட்டை நம்பி இருந்தவர்களின் மனம் பட்டபாடு எனக்குத் தெரியும்.

மல்லாவி, ரொறன்ரோ:
உண்மை. இரண்டாம் தடவை எழுத வீட்டு நிலைமை விடாமல் கூலி வேலைக்குப் போன கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர்.

வவுனியா, நியூ ஜேர்சி:
பரந்தன் ஐயாவின் பதிவு இன்றிரவு முடிகிறது, ஆகவே கேள்விக்குத் திரும்புகிறேன். சராசரி எடுக்கும் வழக்கம் இல்லை; கூடிய மொத்தத்தை மட்டுமே எல்லா இடங்களும் பார்க்கின்றன என்பதும் சரியல்ல. எந்தத் திகதியின் பெறுபேற்றை அனுப்புவது என்பதைப் பிள்ளையே தெரிவு செய்யலாம். ஆனால் ஒரு திகதியை அனுப்பினால் அதன் இரண்டு பகுதிகளும் சேர்ந்தே போகும். எம்.ஐ.ரி. (மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்) உட்படப் பல நிறுவனங்கள் வெவ்வேறு திகதிகளிலிருந்து ஒவ்வொரு பகுதியினதும் உயர்ந்த புள்ளியை எடுத்துக் கூட்டுகின்றன. அப்படிப் பார்த்தால் உங்கள் மகளின் நிலை 1240 அல்லது 1270 அல்ல, 700உம் 610உம் சேர்ந்து 1310. மூன்றாம் தடவையில் கணிதம் இறங்கினாலும் அந்த 700 அழியாது. ஆங்கிலத்தில் மட்டும் முழு மூச்சாக நிற்கட்டும். ஜோர்ஜ்ரவுண் பல்கலைக்கழகம் போல எல்லாப் பெறுபேறுகளையும் கேட்டுவந்த இடங்களும் உண்டு. அங்கும் இரண்டு மூன்று தடவை எழுதுவது சாதாரணம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகமோ அனுமதிக்கு எஸ்.ஏ.ரி. புள்ளியைப் பார்ப்பதே இல்லை; ஹார்வர்ட் 2024இல் அதை மீண்டும் கட்டாயமாக்கியது.

ஆனால் மகள் எத்தனையாம் தரம், எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகங்கள் என்று நீங்கள் எழுதவில்லையே. பதினொராம், பன்னிரண்டாம் தரத்தில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டண விலக்கு உண்டு. அதைப் பாடசாலை ஆலோசகர் மூலம் பெறலாம். இன்றிரவு தவறினாலும் மேலதிகக் கட்டணத்துடன் பிந்திய பதிவுக்குச் சில நாள் அவகாசம் இருக்கும்.

பரந்தன்:
மிக்க நன்றி. மகள் பதினொராம் தரம், நாங்கள் ஒகையோவில் இருக்கிறோம், கட்டண விலக்கைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. காலையில் ஆலோசகரைச் சந்தித்த பின்னர், அவள் விரும்பும் பல்கலைக்கழகங்களின் பெயர்களை இங்கே எழுதுகிறேன்.