லுக்கேமியா: அனுபவித்தவர்கள் எழுதுங்கள்

நோயாளியின் அக்கா

என் தம்பிக்கு லுக்கேமியா, அதாவது இரத்தப் புற்றுநோய், என்று உறுதியாகிவிட்டது. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிந்து, ஏ.எல்.எல். (வேகமாகப் பெருகும் தீவிர வகைகளில் ஒன்று) என்றார்கள். கல்லூரிப் பையன். மருத்துவர் பொறுமையாகத்தான் விளக்கினார்; காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் பரம்பரை நோய் என்கிறார், ஒருவர் செல்போனால் வந்தது என்கிறார், இன்னொருவர் தொற்றிக்கொள்ளுமோ என்று தள்ளியே உட்காருகிறார். இதைக் கடந்து வந்தவர்கள் கண்டதை எழுதுங்கள். ஆறுதல் வேண்டாம். என்னென்ன நடக்கும் என்று தெரிந்தால் போதும்.

ஏ.எல்.எல். வந்த சிறுமியின் தாய்

என் மகளுக்குப் பள்ளியில் சேர்ந்த புதிதில் வந்தது. கால் வலிக்கிறது என்று இரவில் அழுவாள். வளரும் பிள்ளைகளுக்கு வரும் வலிதான் என்று ஒரு மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். பிறகு கணுக்காலைச் சுற்றி ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றின. விரலால் அழுத்தினாலும் மறையவில்லை. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்தால் தோலுக்கடியில் இரத்தம் அப்படிக் கசியும் என்றார்கள். மஜ்ஜை முழுக்க முதிராத வெள்ளணுக்கள் அடைத்துக்கொண்டதால் மற்ற அணுக்கள் உருவாக இடமில்லையாம். சோகை, காய்ச்சல், கால் வலி எல்லாவற்றுக்கும் வேர் அதுவே.

முதல் கட்டம் ஏறக்குறைய நான்கு வாரம். வின்கிரிஸ்டின், ஆஸ்பராஜினேஸ் என்ற கீமோ மருந்துகள், அவற்றோடு ஸ்டீராய்டு. இந்த ஸ்டீராய்டைப் பற்றி யாராவது முன்கூட்டியே எச்சரித்திருக்கலாம். முகம் உப்பிவிடும். நடுராத்திரியில் எழுந்து பசி என்பாள். கொடுத்ததைத் தின்று முடிப்பதற்குள் அடுத்தது கேட்பாள். ஒன்றுமில்லாததற்குக் கத்துவாள், பிறகு தானே அழுவாள். மருந்து நின்ற சில நாட்களில் பழைய பிள்ளையாகிவிட்டாள். உங்கள் தம்பி எரிந்து விழுந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வின்கிரிஸ்டினால் தாடை வலி, மலச்சிக்கல், பாதத்தில் மரமரப்பு வரும். மலச்சிக்கலை இரண்டாம் நாளே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம்.

முதல் கட்ட முடிவில் மஜ்ஜையில் நோய் தென்படவில்லை என்பார்கள். அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத எச்சம் இருக்கும். அதனால்தான் சிகிச்சை மொத்தம் இரண்டு, மூன்று வருடம் நீள்கிறது. நரம்பில் ஏற்றும் மருந்து பலவும் மூளைக்குள் போதுமான அளவு போகாது என்பதால் முதுகுத்தண்டு வழியாக ஊசி போடுவார்கள். அது முடிந்ததும் அவர்கள் சொல்லும் நேரம்வரை படுக்க வைத்துவிடுங்கள்.

கடைசிக் கட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை. மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள். இதை மட்டும் குழப்பிக்கொள்ளவே கூடாது. வார மருந்தைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நான் இரண்டையும் வெவ்வேறு அலமாரியில் வைத்தேன். வார மாத்திரையின் பெட்டி மேல் 'வியாழன்' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன்.

சி.எம்.எல். நோயாளி

நான் இந்த நோயோடு வேலைக்குப் போகிறேன், வண்டி ஓட்டுகிறேன். வேறு எதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளணு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. என்னுடையது சி.எம்.எல்., மெதுவாக வளரும் நாள்பட்ட வகை. ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது. அதனால் குட்டையாகிவிடும் இருபத்திரண்டாவது குரோமோசோமை 1960இல் பிலடெல்பியாவில் கண்டுபிடித்தார்கள். துண்டு இடம் மாறியதைக் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஜேனட் ரௌலி, 1973இல். அந்த மாற்றத்தால் உருவாகும் புரதத்தைக் குறிவைக்கும் இமாடினிப் மாத்திரை 2001இல் வந்தது. அதற்குமுன் இதே நோய் வந்தவர்களின் கதையே வேறு.

தினமும் மாத்திரை, குறிப்பிட்ட இடைவெளியில் நோய் எவ்வளவு மிச்சம் என்று அளக்கும் பி.சி.ஆர். பரிசோதனை. கண்ணிமை வீங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நன்றாக இருக்கிறேன் என்று நாமாகவே மாத்திரையை விட்டால் நோய் திரும்பக்கூடும்.

ஒன்று சொல்ல வேண்டும். என்னைக் காட்டி, "அவர் மாத்திரையிலேயே சமாளிக்கிறார், நீ ஏன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய்?" என்று வேறொரு நோயாளியைக் கேட்டார்கள். அவருக்கு வந்தது ஏ.எம்.எல்., இன்னொரு தீவிர வகை. பெயர் பொதுவாக இருப்பதால் நோயும் ஒன்றாகிவிடாது. உங்கள் உறவினர் யாராவது என் போன்ற கதையோடு வந்தால், முதலில் அது எந்த வகை என்று கேளுங்கள்.

சி.எல்.எல். உள்ள முதியவர்

என்னுடையது சி.எல்.எல்., மெதுவாக வளரும் இன்னொரு நாள்பட்ட வகை. எனக்குச் சிகிச்சையே தொடங்கவில்லை. இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம், தேவைப்படும்போது மருந்து என்றார் மருத்துவர். புற்றுநோய் என்கிறார்கள், மருந்து தரவில்லையே என்று என் பிள்ளைகள் சண்டைக்கே போய்விட்டார்கள். அறிகுறி இல்லாத சி.எல்.எல்.லுக்கு அதுதான் முறை. ஆனால் அம்மா, உங்கள் தம்பிக்கு வந்தது தீவிர வகை. அதில் காத்திருக்கக் கூடாது.

ஏ.எம்.எல்.லில் கணவரை இழந்தவர்

ஆறுதல் வேண்டாம் என்று கேட்டதால்தான் எழுதுகிறேன். அவருக்கு ஏழு நாள் சைட்டராபின் என்ற கீமோ மருந்து, அதில் மூன்று நாள் சிவப்பு நிறக் கீமோ மருந்தும். சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும், பயந்துவிடாதீர்கள். நோய் அடங்கியது. அணுக்கள் அடிமட்டத்தில் இருந்த நாட்களில் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று புகுந்தது, அதில்தான் போனார். வந்தவர்கள் எல்லாம் அவரிடம் தைரியமாக இருங்கள் என்றார்கள். அவர் தைரியமாகத்தான் இருந்தார். தைரியத்துக்கும், கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் வெள்ளணுக்களின் எண்ணிக்கைக்கும் என்ன சம்பந்தம்? நோயாளியின் மனவலிமையைப் பேசிப் பேசி, தோற்றால் அவர் குற்றம் என்பதுபோல் ஆக்கிவிடுகிறோம்.

தெர்மாமீட்டர் தலைமாட்டிலேயே இருக்கட்டும். 100.4 பாரன்ஹீட் தொட்டால், நள்ளிரவானாலும் புறப்பட்டுவிடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். அது சூட்டை மறைத்துவிடும், கிருமி உள்ளே இருக்கும்.

அண்ணனுக்கு ஸ்டெம் செல் கொடுத்த தங்கை

ஸ்டெம் செல் என்பது இரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணு; இன்னொருவருடையதை ஏற்றும் மாற்று சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்பட்டால் முதலில் உடன்பிறந்தவர்களைத்தான் பரிசோதிப்பார்கள். முழுப் பொருத்தம் கிடைக்க ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. இடுப்பெலும்பை அறுப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். எனக்கு அப்படி இல்லை. சில நாள் ஊசி போட்டார்கள், எலும்பெல்லாம் குடைந்தது. பிறகு ஒரு கையில் இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் பிரித்து, மறு கையில் திருப்பி ஏற்றினார்கள். சில மணி நேரம் கையை மடக்க முடியாது; மூக்கு அரித்தால்தான் கஷ்டம். இப்போது அண்ணனின் இரத்த வகை என்னுடையதாக மாறிவிட்டது. என் அணுக்கள் அவர் தோலைத் தாக்கி அரிப்பும் தடிப்பும் வந்தன. அதற்கும் நீண்ட நாள் மருந்து சாப்பிட்டார்.

புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்

நான் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது "எனக்கு ஏன்?" என்றுதான். பெரும்பாலும் பதில் கிடையாது. அதிகக் கதிர்வீச்சு, பென்சீன் என்ற வேதிப்பொருள், முன்பு எடுத்த சில கீமோ மருந்துகள், டவுன் சிண்ட்ரோம் ஆகியவை ஆபத்தைக் கூட்டும், புகைபிடித்தல் ஏ.எம்.எல். ஆபத்தைக் கூட்டும். செல்போன் காரணம் என்று நிறுவப்படவில்லை. மரபணு மாற்றம் பிறகு இரத்த அணுவுக்குள் ஏற்படுவது. பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. தள்ளி உட்காரும் உறவினரிடம் சொல்லுங்கள்: நோய் அவருக்குத் தொற்றாது, அவர் சளிதான் தம்பிக்குத் தொற்றும். அவர் தள்ளி உட்காருவது நல்லதே!

சத்து மாத்திரை, டானிக் எதுவும் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஃபோலிக் அமிலம் லுக்கேமியா அணுக்களுக்கும் தீனி. அதைத் தடுத்தால் நோய் அடங்கும் என்று அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948இல் குழந்தைகளிடம் காட்டினார். அவர் பயன்படுத்திய அமினோப்டெரின் மருந்து, இந்தியாவில் பிறந்த ஆய்வாளர் எல்லப்பிரகட சுப்பாராவின் குழுவிடமிருந்து வந்தது. உங்கள் தம்பி விழுங்கப்போகும் மெத்தோட்ரெக்சேட் அதே குடும்பம்.

இன்னொன்று, அவசரம். கீமோ தொடங்குவதற்கு முன் விந்தணு சேமிப்பது பற்றி மருத்துவரிடம் இன்றைக்கே கேளுங்கள். இளம் நோயாளியின் வீட்டார் கூச்சத்தில் வாயே திறப்பதில்லை. பிறகு கேட்டுப் பயனிருக்காது.

நோயாளியின் அக்கா

அனைவருக்கும் நன்றி. கடைசி விஷயத்தை அம்மாவால் கேட்க முடியவில்லை. நானே மருத்துவரிடம் பேசிவிட்டேன், நாளைக் காலையில் சேமிக்க ஏற்பாடு. திங்கட்கிழமை முதல் மருந்து. முடி கொட்டுமுன் மொட்டை அடித்துவிடலாம் என்கிறார் அப்பா. அடிக்கலாமா?

ஏ.எல்.எல். வந்த சிறுமியின் தாய்

கொட்டத் தொடங்க இரண்டு, மூன்று வாரம் ஆகும், அவசரமில்லை. சவரக் கத்தி வேண்டாம். தட்டணு குறைவாக இருக்கும்போது சின்னக் கீறலும் நிற்காமல் கசியும். மெஷினால் ஒட்ட வெட்டினால் போதும். அதையும் அப்பா முடிவு செய்ய வேண்டாம், தம்பியைக் கேளுங்கள்.