கல்கிசைக் கற்களும் காற்சட்டைப் பைக்குள் வந்த சங்கும்

"வெள்ளவத்தை வீடு" குழு
போயா நாள் (பௌர்ணமி விடுமுறை)

பெரிய மாமா (11.52): எல்லோரும் வீடு சேர்ந்தாயிற்றா? நாங்கள் கல்கிசைக் கடற்கரையில் இருந்து 101 பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டோம். போயா என்றபடியால் கொழும்பின் காலி வீதியே வெறிச்சென்று கிடக்கிறது.

அண்ணி (11.55): ஓம் மாமா, வந்துவிட்டோம். சின்னவன் சாப்பிடாமலே நித்திரை. காது மடலுக்குள்ளேயும் மண்.

நான் (12.03): படங்கள் போடுகிறேன். கொஞ்சம் பொறுங்கள், நிறைய இருக்கிறது.

தங்கச்சி (12.14): வேலை இருந்தபடியால் வர முடியவில்லை, படம் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. கல்லின் மேல் வரிசையாக இருக்கிற வெள்ளைப் பறவைகள் என்ன? கடற்புறாவா?

ரீச்சர் சித்தி (12.20): ஆலா, பிள்ளை. கடற்புறாவுக்கு உடம்பு தடிப்பு, தண்ணீரில் வாத்து மாதிரி மிதந்துகொண்டிருக்கும். ஆலா மெல்லிசு. செட்டை நீளம், நுனி கூர். மேலே நின்று பார்த்துவிட்டுத் தலைகீழாக விழுந்து மீன் எடுக்கும். இவை பெரிய கொண்டை ஆலா. சொண்டு மஞ்சள், பிடரியில் எண்ணெய் வைக்காத முடி மாதிரிக் கறுப்புக் கொண்டை. பதினொன்று இருந்தன. பதினொன்றும் காற்று வரும் பக்கமே முகத்தை வைத்திருந்தன, கவனித்தாயா? முதுகைக் காட்டினால் காற்று இறகுக்குள் புகுந்து கலைத்துவிடும்.

தங்கச்சி (12.23): அடுத்த படத்தில் வெறும் கல்தானே இருக்கிறது?

நான் (12.24): பெரிதாக்கிப் பார். இடது பக்கம் ஒரு சின்னக் கொக்கு. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கல்லோடு கல்லாக நின்றது. நாங்கள் அதற்கு மூன்று அடி தூரத்தில் இருந்து பாண் சாப்பிட்டோம், யாருக்கும் தெரியவில்லை. அது ஒரு குஞ்சு மீனைக் கொத்திய பிறகுதான் கண்டோம்.

ரீச்சர் சித்தி (12.31): உள்ளானை மறந்துவிட்டீர்கள். வால் பக்கத்தை ஆட்டிக்கொண்டே நடந்ததே, அதுதான். வடக்கே குளிர் நாடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு ஆவணி அளவில் இங்கே வரும், சித்திரை வரை நிற்கும். அவ்வளவு தூரம் பறந்து வந்த உயிர் கல்கிசையில் பாசிக்குள் பூச்சி தேடுகிறது. ஒவ்வொரு வருடமும் அதைக் காணும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும்.

தங்கச்சி (12.40): சரி, ஏன் அவ்வளவு விடியப் போனீர்கள்? பின்னேரம் போயிருந்தால் நானும் வந்திருப்பேன்.

பெரிய மாமா (12.52): வற்று, அதுதான் கடல் இறங்குகிற நேரம், பார்த்துத்தான் போக வேண்டும் பிள்ளை. எங்கள் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு வற்று, இரண்டு பெருக்கு. இன்று காலை வற்று எட்டு மணிக்கு. கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் இல்லை. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்தான் கொஞ்சம் கூடுதலாக வற்றும். மற்ற நாட்களில் போனால் கல்லுக்குள் தண்ணீர் தேங்கும் பள்ளங்கள் பாதி மூடித்தான் கிடக்கும். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை யோசிக்கவே வேண்டாம். தென்மேல் காற்றுக்கு அலை கல்லுக்கு மேலால் வரும். மார்கழி, தை, மாசிதான் சரி.

நான் (12.58): அம்மம்மா குரற்பதிவு அனுப்பியிருக்கிறா. எழுதிப் போடுகிறேன்: "பருத்தித்துறையில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வற்று நேரம் பார்த்துத்தான் கரைக்குப் போவோம். அங்கே சுண்ணாம்புக் கல், காலை அறுக்கும். இங்கே கருங்கல், வழுக்கும். பிள்ளைகளுக்கு ரப்பர் செருப்புப் போட்டு விடாதீர்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க விடாதீர்கள்."

அண்ணா (1.10): அம்மம்மா சொன்னது உண்மை. பச்சைப் பாசி உள்ள இடத்தில் நான் இன்று ஒரு தரம் வழுக்கி இருந்து எழும்பினேன். இன்னொரு விஷயம். மேல் மணலில் சின்னவன் பொறுக்கிய வெள்ளை மணிகள் முத்து இல்லை, பிளாஸ்ரிக். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, ஜூன் 2 ஆம் திகதி தாழத் தொடங்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் இருந்து இப்படி மணிகள் ஆயிரம் தொன்னுக்கு மேல் கடலில் கொட்டின. அதே மணிகளாகத்தான் இருக்க வேண்டும். மீன் முட்டை மாதிரியே இருக்கின்றன. ஒரு போத்தல் மூடி நிறையச் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறோம்.

இரவு

அண்ணி (7.36): மாமி, நிற்கிறீர்களா? அவசரம். சின்னவனின் காற்சட்டையைத் தோய்க்கப் பையைத் தட்டினேன். ஐந்து சங்கு விழுந்தன. அதில் ஒன்று நடக்கிறது.

ரீச்சர் சித்தி (7.37): தண்ணீரில் போட்டுவிட்டாயா? குழாய்த் தண்ணீரில் போடாதே பிள்ளை!

அண்ணி (7.38): இல்லை மாமி, குசினி நிலத்தில் இருக்கிறது. நான் கிட்டப் போனால் உள்ளே போய்விடுகிறது.

ரீச்சர் சித்தி (7.40): நல்லது. அது சங்கின் பிள்ளை இல்லை, உள்ளே குடியிருக்கிற நண்டு. துறவி நண்டு என்பார்கள். அதைப் பிடித்து இழுக்காதே, சின்னவனையும் விடாதே. அதன் பின்னுடம்பு மென்மையானது, சங்கின் சுருளுக்குள் கொழுவிக்கொண்டு இருக்கும். இழுத்தால் உடம்பு அறுந்தாலும் பிடியை விடாது. காலையில் கடல் தண்ணீர் கொண்டுவந்தீர்களா?

அண்ணா (7.42): ஒரு போத்தல் இருக்கிறது. சின்னவன் வாளி விளையாட்டுக்கு என்று அடைத்தது.

ரீச்சர் சித்தி (7.44): கடவுளே, நல்ல காரியம் செய்தான். அகலமான பிளாஸ்ரிக் தட்டு ஒன்றில் அரை அங்குலத்துக்கு ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நிறைய ஊற்றி அசையாமல் வைத்தால் தண்ணீரில் உள்ள காற்று முடிந்துவிடும். நடுவில் ஒரு கல் வையுங்கள், ஏறி நிற்கட்டும். ஈரச் சீலையால் பாதி மூடுங்கள். ஃபான் காற்றுப் படாத இடம், வெளிச்சம் இல்லாத இடம். உப்பைக் கரைத்துக் கடல் தண்ணீர் ஆக்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள்.

தங்கச்சி (7.50): சித்தி, மற்ற நாலு சங்கும் வெறுமையா?

அண்ணி (7.53): ஓம், ரோர்ச் அடித்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

ரீச்சர் சித்தி (8.01): கூம்பு வடிவத்தில், பூப் போட்ட மாதிரி எதுவும் இல்லையே? கூம்புச் சங்குக்கு விஷ ஊசி இருக்கிறது, பெரிய ஆளையே சாகடிக்கக் கூடிய சாதியும் உண்டு. வெறுஞ்சங்கு என்று நினைத்து எடுக்கவே கூடாது. இல்லை என்றால் நிம்மதி. அந்த நாலையும் நாளைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். துறவி நண்டு தானாகச் சங்கு செய்யாது. வளர வளரப் பெரிய வெறுஞ்சங்கு தேட வேண்டும். நாம் அழகுக்கு என்று பொறுக்கி அலுமாரியில் வைக்கிற ஒவ்வொன்றும் அதற்கு வீடு.

அண்ணி (8.09): சின்னவன் அழுகிறான் மாமி. தான் அதைக் கொன்றுவிட்டேனா என்று கேட்கிறான். வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்துத்தான் எடுத்தானாம்.

ரீச்சர் சித்தி (8.11): போனைக் காதில் வை, நான் பேசுகிறேன்.

பெரிய மாமா (8.30): நாளை வற்று முக்கால் மணித்தியாலம் அளவில் பிந்தும். எட்டே முக்காலுக்கு அங்கே நின்றால் போதும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் லீவு போடட்டும், நான் கூட்டிக்கொண்டு போகிறேன். ரயில் பாதையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்வேன், பயப்பட வேண்டாம்.

அண்ணி (8.33): நானும் வருகிறேன் மாமா. எனக்கும் அதை விட்டால்தான் நித்திரை வரும்.

அண்ணி (11.20): இரவு வணக்கம் எல்லோருக்கும். கல்லுக்கு மேல் ஏறி நிற்கிறது. மீசை இரண்டும் அசைகிறது.

அடுத்த நாள்

அண்ணி (6.05): உயிரோடு இருக்கிறது!

பெரிய மாமா (9.02): பள்ளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதே பள்ளம்தான், ஹோட்டல் பக்கக் கல்லில் வெடிப்பு ஓடுகிற இடம். கைக்குக் கொஞ்சம் சூடாக இருக்கிறது, அதனால் சித்தி சொன்னபடி தட்டில் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து காத்திருக்கிறோம்.

ரீச்சர் சித்தி (9.03): பத்து நிமிடமாவது. அவசரப்பட வேண்டாம்.

அண்ணி (9.21): விட்டாயிற்று. சின்னவன்தான் தன் கையால் வைத்தான். கொஞ்ச நேரம் கல் மாதிரிக் கிடந்தது. பிறகு முதலில் மீசை வந்தது, பிறகு கொடுக்கு, பிறகு கண் இரண்டும் குச்சி முனையில். ஒரு கல்லைச் சுற்றிப் போய் நிழலுக்குள் நின்றது.

அண்ணி (9.29): மாமி, வெறுஞ்சங்கு நாலையும் பக்கத்தில் வைத்தோம். இன்னொரு சின்ன நண்டு எங்கிருந்தோ வந்து ஒன்றைப் புரட்டிப் புரட்டித் தடவுகிறது. கொடுக்கை வாசலுக்குள் விட்டு அளக்கிறது. சின்னவன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ரீச்சர் சித்தி (9.30): அசையாதீர்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழ விடாதீர்கள்.

அண்ணி (9.34): மாறிவிட்டது மாமி! ஒரு கணம் வெளியே வந்தது, வெள்ளையாக, சுருண்டு, உடனே புதுச் சங்குக்குள். பழையது அப்படியே கிடக்கிறது. நான் படம் எடுக்கவில்லை, கை வரவில்லை.

நான் (9.36): அம்மம்மா கேட்கிறா, அந்தப் பழைய சங்கை எடுத்து வைத்தீர்களா என்று.

அண்ணி (9.41): இல்லை, விட்டுவிட்டோம். அது இன்னும் சின்ன ஆளுக்கு வேண்டும் என்று சின்னவன் சொல்கிறான். தண்ணீர் ஏறத் தொடங்குகிறது, வெளிக்கிடுகிறோம்.