ஆறு வாரத் தேவைக்குப் பழைய கார்: வாங்கலாமா?

பாலக்கோடு வாசகர்:
வணக்கம். எங்கள் காரின் முன்பகுதி நசுங்கி, உதிரிபாகத்துக்காக ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. இரண்டு மாதமாவது ஆகுமாம். அடுத்த திங்கள் முதல் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், அப்பாவைக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குச் சேலம் அழைத்துச் சென்று வர வேண்டும். பேருந்துப் பயணம் அவருக்கு இயலாது. ஓசூர்த் தரகர் ஒருவர் கர்நாடகப் பதிவெண் கொண்ட சிறிய கார் ஒன்றை 70,000 ரூபாய்க்குக் காட்டுகிறார். அதன் 15 ஆண்டுப் பதிவு நான்கு மாதங்களில் முடிகிறது. பெயர் மாற்றாமலே ஓட்டிவிட்டுக் கைமாற்றிவிடலாம் என்கிறார். வாங்கலாமா?

ஓசூர் வாசகர்:
வேண்டாம் என்பேன். நான்கு மாதம் ஓட்டுவதற்குப் போதும், விற்பதற்குப் போதாது. அடுத்து வாங்குபவர் கர்நாடகத்திலிருந்து தடையின்மைச் சான்று பெற்று, இங்கே ஆயுட்கால வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குள் 15 ஆண்டு முடிந்துவிட்டால் ஆய்வுக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கும் செலவும் பழைய வண்டிகளுக்கான பசுமை வரியும் சேரும் என்பதால், உங்களிடம் பாதி விலைக்குத்தான் கேட்பார். ஓசூரில் இத்தகைய வண்டிகள் மலிவாகக் கிடைப்பதன் காரணமே இதுதான். பெயர் மாற்றாமல் ஓட்டும் யோசனை அதைவிட மோசம். விபத்து நாளில் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், விவரம் தெரிந்த எவரும் வண்டியை அப்படிக் கொடுக்கமாட்டார். கொடுப்பவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

தருமபுரி வாசகர்:
வாங்குவதானால் நம் தருமபுரியின் டி.என். 29 பதிவெண்ணும், பதிவுக் காலத்தில் குறைந்தது இரண்டு ஆண்டும் மீதமுள்ள வண்டியாகப் பாருங்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், அது நீக்கப்படும்வரை முன்பணம் தராதீர்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 170 கிலோமீட்டர் ஓடப்போகும் வண்டியை ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து எடுக்கக் கூடாது. மெக்கானிக்கை உடன் அழைத்துக்கொண்டு தொப்பூர்க் கணவாயில் இறங்கி ஏறுங்கள். சேலம் நோக்கி இறங்கும்போது பிரேக்கின் நிலை தெரிந்துவிடும். திரும்பி ஏறும்போது ரேடியேட்டரும் கிளட்சும் உண்மையைச் சொல்லிவிடும். வெப்பமானியின் முள் மேலேறினால், அந்த வண்டியை விட்டுவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3418 என்றால் 2018-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன், அதாவது சாலையில் படும் புடைப்பு, தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பரை நம்பி அந்த இறக்கத்தில் போகக் கூடாது.

கிருஷ்ணகிரி வாசகர்:
வாங்கித்தான் ஆக வேண்டுமா? உறவினரிடம் ஓடாமல் நிற்கும் கார் ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் தெரிந்தவரின் வெள்ளைப் பலகை வண்டியை வாடகை பேசி எடுக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு விட்டது தெரிந்தால், விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே போதும்.

பாலக்கோடு வாசகர்:
மூவருக்கும் நன்றி. தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பென்னாகரத்தில் என் சித்தப்பாவின் கார் ஆறு மாதமாகக் கொட்டகையில் நிற்கிறது, எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். காப்பீடு சென்ற மாதமே முடிந்திருக்கிறது. நாளை அதைப் புதுப்பித்து, பேட்டரியை மாற்றிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குடன் தொப்பூர் சென்று வருகிறேன். டயரில் 2216 என்று இருக்கிறது. நான்கையும் மாற்றத்தான் வேண்டும்.