அப்பாவின் நாவலை வெட்டி பிடிஎஃப் ஆக்கியிருக்கிறார்கள்: என்ன செய்யலாம்?

கரிசல்மகள்:
அப்பா கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். 1998-ல் ஒரே ஒரு நாவல் போட்டார். 2009-ல் இறந்துவிட்டார். பதிப்பகமும் மூடியாச்சு, கடையில் பிரதி எங்கும் கிடையாது. இப்போது ஒரு டெலிகிராம் குழுவில் யாரோ ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். காசு வாங்கவில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் முன்னுரையைக் காணோம். குச்சி அடுக்கிய, பெட்டி ஒட்டிய பெண்களைப் பேர் பேராகச் சொல்லி அப்பா எழுதியது அது. கடைசி அத்தியாயம் இழுவையாம், அதையும் எடுத்துவிட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் குழுவின் முத்திரை வேறு. தடுக்க எனக்கு உரிமை உண்டா? தடுப்பது நியாயமா?

பழையஅச்சு:
உரிமை உண்டு. ஆசிரியர் இறந்த மறு வருஷத்திலிருந்து 60 ஆண்டு, அதாவது 2069 முடியும்வரை வாரிசுகளுக்குத்தான். பதிப்பக ஒப்பந்தத்தைத் தேடிப் பாருங்கள். அதில் உரிமையைப் பதிப்பகத்துக்குக் கொடுத்திருந்து, காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் அது ஐந்து ஆண்டுக்குத்தான் கணக்கு. வெட்டியதற்குத் தனியாகப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு இருக்கிறது. படைப்பைச் சிதைத்து ஆசிரியர் பேருக்குக் களங்கம் வந்தால் வாரிசு கேட்கலாம்.

தாமிரபரணி:
சட்டம் சரிதான் சார். ஆனால் அந்த ஸ்கேன் இல்லாவிட்டால் இந்த நாவலை யார் படித்திருப்பார்கள்? பாரதி பாட்டின் இசைத்தட்டு உரிமை சினிமாத் தயாரிப்பாளர் ஏவி.எம். செட்டியாரிடம் இருந்தது. 1949-ல் அரசு நாட்டுடைமை ஆக்கிய பிறகுதானே யாரும் கேட்காமல் பாட முடிந்தது? அக்கா, பூட்டி வைக்காதீர்கள்.

கரிசல்மகள்:
பூட்டி வைக்க நான் கேட்கவே இல்லை தம்பி. பாரதி பாட்டை யாரும் பாடலாம். பாதியை வெட்டிவிட்டு இதுதான் பாரதி என்று கொடுத்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? அந்த முன்னுரையில் இருக்கும் பெண்கள் பேர் வேறு எந்த அச்சிலும் வந்ததில்லை. பகிர்ந்தவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். எதை விடுவது என்று முடிவெடுக்க அவர் யார்?

பழையஅச்சு:
அப்படியானால் முழுப் பிரதியை நீங்களே வெளியிடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸில், அதாவது படைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரே முன்கூட்டிச் சொல்லிவிடும் பொது உரிமங்களில், 'பகிரலாம், மாற்றக் கூடாது' என்று ஒன்று இருக்கிறது. இலவசமாகவும் கொடுக்கலாம், மாற்றிப் பரப்ப யாருக்கும் அனுமதியும் இருக்காது.

கரிசல்மகள்:
இதைத்தான் செய்யப் போகிறேன். என் கூடப்பிறந்த தம்பியோடும் பேசிவிட்டேன், அவனுக்கும் சம்மதம். குழு நிர்வாகிக்கு எழுதியாச்சு: முழு நாவலையும் முத்திரை இல்லாமல் நானே தருகிறேன், இதை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள். ஒரு வாரம் பார்ப்பேன், பதில் இல்லையென்றால் டெலிகிராமிலேயே புகார்.