புதுப்பிப்பு: கிராவல் சைக்கிளுக்கு ஆற்றோரமா, மலைமுகடா?

கிராவல் சைக்கிளில் (சரளை, மண் பாதைகளுக்கான சைக்கிள்) மலைமுகட்டு வழியாகப் போவதா, ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிப் போவதா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. என் வாக்கு பள்ளத்தாக்குக்குத்தான், ஏற்றம் அவ்வளவு சீராக இருக்கிறது. மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். களிமண் டயருக்கும் ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) நடுவே அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. அப்போது முகட்டுப் பாதைதான் சரி, தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும்.

பலர் சொன்னபடி 40 மி.மீ. ட்யூப்லெஸ் டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். அற்புதம்! உதிரிக் கற்கள் மீதும் பிடி விடவில்லை. செங்குத்தான ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள்: பின்சக்கரத்தில் பாரம் குறைந்து, கல்லை வாரியிறைத்தபடி வழுக்கும். உட்கார்ந்தபடியே, மிதிக்க இலகுவான கியரில் போங்கள். அப்புறம், வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை) நெருங்கியிருக்கும் செங்குத்தான இடங்களைக் கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள். ஆற்றிலிருந்து முகட்டுக்கு ஏறும் இணைப்புப் பாதைகள்தான் காலைப் பதம் பார்க்கும்.